ஒரு வயர் கழன்றாலும் பறக்க வேண்டும்: பழுது தாங்கும் விமானக் கட்டுப்பாட்டை எந்த வரிசையில் வடிவமைப்பது

உப்புவெளியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வரும் மாணவர்களில் பலர் ஒரே மாதிரியான பையோடு வருகிறார்கள். உள்ளே மூன்று உணரிகள், மூன்று செயலிப் பலகைகள். மேசையில் பரப்பிவிட்டு, "மூன்று இருக்கிறது சேர், ஒன்று போனாலும் பரவாயில்லை" என்பார்கள். நான் பதில் சொல்லாமல், மூன்றுக்கும் மின்சாரம் தரும் 5 வோல்ட் சீராக்கியிலிருந்து ஒரு வயரைக் கழற்றுவேன். மூன்று பலகைகளின் விளக்குகளும் ஒன்றாக அணையும்.

பாகங்களை எண்ணுவது சுலபம். அவை எதை எதைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று தேடுவதுதான் வேலை. கீழே உள்ள வரிசை அந்தத் தேடலுக்காக அமைந்தது. உணரியில் தொடங்கி, கணினி வழியாக, இறக்கையின் அசையும் பகுதியைத் தள்ளும் மோட்டர் வரை செல்லும் முழுப் பாதையைத் "தடம்" என்று குறிப்பிடுகிறேன்.

தொடங்கும் முன்

ஒற்றைத் தடத்தில் ஒழுங்காக ஓடும் கட்டுப்பாடு உங்களிடம் இருக்க வேண்டும். அது ஆடிக்கொண்டிருக்கும்போது மூன்றாக்கினால், பழுது எது, சரிசெய்யாத கட்டுப்பாடு எது என்று பிரித்தறிய முடியாது.

விமானத்தின் அசைவைக் கணிக்கும் ஒரு கணித மாதிரி, மில்லி வினாடி அளவில் பதிவெடுக்கும் கருவி, வண்ணப் பென்சில்கள், கோடு போட்ட கொப்பி ஆகியவையும் தேவை. பென்சில் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, மூன்றாம் படியில் வரும்.

பறக்கவிட விமானம் தேவையில்லை. இலங்கையில் ஆளில்லா விமானத்துக்கு அனுமதி வேண்டும். திருகோணமலையிலோ ஒரு பக்கம் சீனக்குடா விமானத்தளம், மறுபக்கம் கடற்படைத் தளம். ஆகவே நாங்கள் எல்லாவற்றையும் மேசையிலேயே செய்கிறோம். இறக்கை, வால், மோட்டர்கள், கணினிகள் அனைத்தையும் ஒரு சட்டத்தில் பூட்டி, பறப்பை மட்டும் கணித மாதிரியிடம் விட்டுவிடுகிறோம். பெரிய நிறுவனங்களும் புதிய விமானம் பறக்கும் முன் இப்படி ஒன்றைக் கட்டுகின்றன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "இரும்புப் பறவை". எங்களுடையது மரப்பலகைப் பறவை.

1. பாகங்களை விடுங்கள், இழப்புகளை எழுதுங்கள்

முதல் பக்கத்தில் எந்தப் பாகத்தின் பெயரும் வரக்கூடாது. விமானம் செய்ய வேண்டிய காரியங்களை மட்டும் எழுதுங்கள்: மூக்கை ஏற்றி இறக்குவது, பக்கவாட்டில் சாய்ப்பது, திருப்புவது, வேகத்தை அறிவது. ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள். அது இல்லாமல் போனால்? ஓரிடத்தில் இறுகி நின்றால்? கேட்காமலே இயங்கினால்? பிழையாக இருந்தும் சரிபோலத் தோன்றினால்?

புதியவர்கள் இங்கே "உணரி பழுது" என்று எழுதுவார்கள். நான் அழித்துவிட்டு, "மூக்கு தானாகக் கீழே போகிறது" என்று எழுதச் சொல்வேன். முதல் வாக்கியத்தைப் படித்தால் இன்னொரு உணரி வாங்கத் தோன்றும். இரண்டாவதைப் படித்தால், மூக்கைத் தானாக இறக்கக்கூடியவை எவையெவை என்று தேடத் தோன்றும். போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் தாக்குகோண உணரிகள், அதாவது இறக்கையைக் காற்று எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று அளப்பவை, இரண்டு இருந்தன. ஆனால் மூக்கை இறக்கும் எம்காஸ் மென்பொருள் ஒரு நேரத்தில் அவற்றில் ஒன்றை மட்டுமே நம்பியது. 2018 அக்டோபர் 29, 2019 மார்ச் 10 ஆகிய நாட்களில் நடந்த இரு விபத்துகளில் 346 பேர் இறந்தனர்.

ஒவ்வொரு இழப்புக்கும் எதிரே அதன் கடுமையைக் குறியுங்கள். பெரிய பயணிகள் விமானங்களில், விமானத்தையே அழிக்கக்கூடிய இழப்பு ஒரு பறப்பு மணிக்கு 100 கோடியில் ஒன்றுக்கும் குறைந்த வாய்ப்பே கொண்டிருக்க வேண்டும். அதோடு, எந்த ஒற்றைப் பழுதும் அந்த இழப்பைத் தனியாக உண்டாக்கக்கூடாது. இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எண்ணிக்கை எவ்வளவு அழகாக வந்தாலும், ஒற்றைப் பழுது வீழ்த்துமானால் அந்த வடிவமைப்பு தேறாது.

கடைசியாக நேரம். கணித மாதிரியில் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகட்டை) ஓர் எல்லைக்குத் தள்ளிவிட்டு, விமானம் மீள முடியாத நிலையை அடைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். பழுதைக் கண்டுபிடித்து ஒதுக்கும் வேலை அதில் பாதிக்குள் முடிய வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம். அடுத்த படிகள் எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் அளவுகோல்.

2. எத்தனை தடங்கள் என்று இப்போது முடிவு செய்யுங்கள்

மீன் சந்தையில் ஒரு பாரை மீனை இரண்டு தராசுகளில் நிறுக்கிறீர்கள். ஒன்று 4 கிலோ காட்டுகிறது, மற்றது 5. ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று தெரியும். எது என்று தெரியாது. இரண்டு தடங்களால் பழுதைக் கண்டுபிடித்து நிறுத்தத்தான் முடியும். விமானியோ வேறொரு முறையோ உடனே பொறுப்பேற்க முடியுமானால் அதுவே போதும். தொடர்ந்து இயங்கியே ஆக வேண்டுமென்றால் மூன்றாவது தராசு தேவை.

மூன்றும் போதாத இடம் ஒன்று உண்டு. ஒரே தரகர் ஒருவரிடம் ஒரு விலையும் அடுத்தவரிடம் வேறு விலையும் சொல்கிறார் என்று வையுங்கள். வாங்குபவர்கள் தங்களுக்குள் பேசிப் பார்த்தாலும், ஏமாற்றியவர் தரகரா, பேசுபவரா என்று தெரியாது. மின்னழுத்தம் நடுவில் தொங்கும் ஒரு வயரும் இப்படித்தான்: ஒரு கணினி அதை 1 என்று படிக்கும், மற்றது 0 என்று படிக்கும். இத்தகைய ஒரு பழுதைத் தாங்க நான்கு தேவை. பொதுவாக, f பழுதுகளுக்கு 3f+1. லம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் ஆகியோர் 1982 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் இது "பைசாந்தியப் பழுது" என்று பெயர்பெற்றது.

மூன்று தடங்களை ஒப்பிட்டு, பெரும்பான்மையை ஏற்பதற்கு வாக்கெடுப்பு என்று பெயர். 1988 இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320, வாக்கெடுப்பை நம்பாமல் வேறு வழியில் போனது. அதன் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கணினிக்குள்ளும் கட்டளையிடும் பாதி ஒன்றும் கண்காணிக்கும் பாதி ஒன்றும் உண்டு. இரண்டும் முரண்பட்டால் அந்தக் கணினி விலகிக்கொள்ளும், அடுத்தது பொறுப்பேற்கும். போயிங் 777 இல் மூன்று முதன்மைக் கணினிகள், ஒவ்வொன்றினுள்ளும் வெவ்வேறு செயலி கொண்ட மூன்று பாதைகள். எது சிறந்தது என்று மாணவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். சிறிய குழுவுக்கு ஏர்பஸ் வழி எளிது என்பது என் எண்ணம்: இரண்டே இரண்டை ஒப்பிடும் நிரலில் பிழை ஒளிய இடம் குறைவு.

3. பங்குபோட்டுக்கொள்பவற்றைத் தேடுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நாட்களை ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு பெருக்கல் பொறி. ஒரு தடம் 10,000 மணிக்கு ஒருமுறை பழுதாகும் என்றால், மூன்றும் ஒரே மணி நேரத்தில் பழுதாகும் வாய்ப்பு ஓர் இலட்சம் கோடியில் ஒன்று என்று பெருக்கிவிட்டு மாணவர்கள் கைதட்டிக்கொள்வார்கள். மூன்றுக்கும் மின்சாரம் தரும் சீராக்கி 1,00,000 மணிக்கு ஒருமுறை பழுதாகும் என்றால், முழு அமைப்பின் தரமும் அந்த 1,00,000 மணிதான். பெருக்கல் செல்லுபடியாவது மூன்றும் ஒன்றையொன்று சாராதபோது மட்டுமே.

வண்ணப் பென்சில்களை எடுங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம். பற்றரியிலிருந்து மோட்டர் வரை வயரைப் பின்தொடர்ந்து கோடு போடுங்கள். மூன்று நிறங்களும் சந்திக்கும் இடங்களைத் தனித்தாளில் எழுதுங்கள். மின்சாரமும் புவிவயரும் உடனே தெரியும். ஒரே கடிகாரத் துடிப்பு, ஒரே பெட்டி, ஒரே துளை வழியாகப் போகும் வயர்க் கட்டு ஆகியவை இரண்டாம் பார்வையில்தான் தெரியும். 1989 ஜூலை 19 அன்று யுனைட்டட் 232 என்ற டிசி-10 விமானத்தின் வால் எந்திர விசிறித் தட்டு உடைந்தபோது, தனித்தனியான மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒன்றாகப் போயின. தாளில் அவை மூன்று. வால் பகுதியிலோ மூன்றின் குழாய்களும் சிதறல்கள் எட்டும் தூரத்துக்குள் இருந்தன.

பிறகு வயரில் தெரியாத பங்குகள். எங்கள் ஊர் இதில் நல்ல ஆசிரியர். கடற்காற்றின் உப்பு இணைப்பிகளை அரிக்கும்; மூன்று இணைப்பிகளும் பெட்டியின் கடல் பார்த்த பக்கத்தில் இருந்தால் மூன்றும் ஒரே பருவத்தில் அரிபடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழே பெட்டியை ஒரு பிற்பகல் முழுதும் வைத்துப் பார்த்தோம். ஒரே தொகுதியில் வாங்கிய மூன்று ஜைரோக்களும் (சுழற்சியை அளக்கும் உணரிகள்) வெப்பத்தில் ஒரே திசையில் விலகின. ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதால் வாக்கெடுப்பு நிரலுக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்று பேரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் எந்த வாக்கெடுப்பும் அதை உண்மை என்றே எழுதிக்கொள்ளும்.

அதைவிட மோசமானது குளவி. மேசைச் சட்டத்தில் காற்றுவேகத்தை அளக்கும் மூன்று பிட்டோ குழாய்களைப் பூட்டி, ஒரு நீண்ட விடுமுறைக்கு மூடாமல் விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது இரண்டில் மண் அடைத்திருந்தது. அடைபட்ட இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. திறந்திருந்த மூன்றாவது "விலகல்" என்று நிரல் அதை வெளியே தள்ளியது. நாங்கள் சிரித்தோம். 2008 நவம்பர் 27 அன்று பிரான்சின் பெர்பிஞான் கடற்கரைக்கு அப்பால் அது சிரிக்கும் விடயமாக இருக்கவில்லை. சில நாட்களுக்கு முன் தண்ணீர் பாய்ச்சிக் கழுவப்பட்ட ஓர் ஏ320 இன் மூன்று தாக்குகோண உணரிகளில் இரண்டுக்குள் நீர் புகுந்து உயரத்தில் உறைந்தது. உறைந்த இரண்டும் ஒத்துப்போயின. சரியாக இருந்த மூன்றாவது ஒதுக்கப்பட்டது. விமானத்தில் இருந்த 7 பேரும் இறந்தனர்.

மென்பொருளும் ஒரு பங்குதான், அதுவும் மிகப் பெரிய பங்கு. 1996 ஜூன் 4 இல் முதலாவது ஏரியன் 5 ராக்கெட்டில் ஒரே நிரல் ஓடும் இரண்டு திசையறி கருவிகள் இருந்தன. 16 பிட் இடத்துக்குள் அடங்காத ஓர் எண் வந்ததும் மாற்றுக்கருவி முதலில் நின்றது. அதே காரணத்தால் 72 மில்லி வினாடியில் முதன்மைக் கருவியும் நின்றது.

அப்படியானால் ஒவ்வொரு தடத்துக்கும் வேறு வேறு நிரல் எழுதலாமே என்று கேட்பீர்கள். 1986 இல் நைட், லெவிசன் இருவரும் ஒரே தேவைக் குறிப்பிலிருந்து 27 நிரல்களைத் தனித்தனியாக எழுதவைத்துச் சோதித்தார்கள். தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக, ஒரே உள்ளீடுகளில் பல நிரல்கள் சேர்ந்து தவறின. கடினமான இடம் எல்லோருக்கும் கடினம். குறிப்பில் உள்ள தவறோ எல்லோருக்கும் பொது. சிறிய குழு இரண்டு முழு நிரல்கள் எழுதிச் சோர்வதைவிட, ஒரு முழு நிரலும் அது விழுந்தால் தாங்க 100 வரிக்குள் ஒரு மிக எளிய மாற்று நிரலும் எழுதுவது மேல்.

4. வாக்கெடுப்பை எழுதுங்கள்

சராசரி எடுக்காதீர்கள். மூன்று காற்றுவேக உணரிகள் 52, 53, 90 என்று காட்டினால் சராசரி 65. உண்மையில் 53 இல் பறக்கும் விமானத்தைக் கட்டுப்பாடு மேலும் மெதுவாக்கப் பார்க்கும். வரிசைப்படுத்தி நடுப் பெறுமானத்தை எடுத்தால் 53. பழுதான உணரி எவ்வளவு கத்தினாலும் நடுவைத் தூக்கிச் செல்ல முடியாது.

அடுத்தது ஒதுக்கும் விதி. ஒரே ஒரு வாசிப்பு விலகியதும் ஒதுக்கினால், காற்று குலுக்கும்போது நல்ல உணரிகளையும் இழப்பீர்கள். வினாடிக்கு 100 வாசிப்பு என்றால், தொடர்ந்து 10 வாசிப்புகள் எல்லையைத் தாண்டினால் ஒதுக்குங்கள் என்று தொடங்குவோம். அந்த 0.1 வினாடி முதல் படியில் அளந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும். விலகல் எல்லையை ஊகித்து வைக்காதீர்கள்; திரும்பும்போது இடது, வலது உணரிகள் இயல்பாகவே எவ்வளவு வேறுபடுகின்றன என்று பதிவெடுத்து, அதற்கு மேலே வையுங்கள்.

காத்திருப்பு விதியிலும் ஓட்டை உண்டு. 2008 அக்டோபர் 7 இல் சிங்கப்பூரிலிருந்து பேர்த் சென்ற குவாண்டாஸ் 72 என்ற ஏ330 இல், ஒரு கருவி தாக்குகோணத்துக்குப் பதிலாக அவ்வப்போது பெரிய பொய்யெண்களை அனுப்பியது. அவற்றை வடிகட்டும் வழிமுறை, ஒரு பொய்யெண் வந்ததும் பழைய நல்ல எண்ணை 1.2 வினாடிக்குப் பிடித்துவைக்கும். அந்த 1.2 வினாடி முடியும் தறுவாயில் அடுத்த பொய்யெண் வந்தது. அது உள்ளே நுழைந்துவிட்டது. மூக்கு கீழே பாய்ந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஆகவே உங்கள் வடிகட்டியில் எத்தனை மில்லி வினாடி என்று எழுதியிருக்கிறீர்களோ, சரியாக அதே இடைவெளியில் பொய்யெண்களை அனுப்பிச் சோதியுங்கள்.

ஒதுக்கியதை மறக்கவும் கூடாது. 2005 ஓகஸ்ட் 1 இல் பேர்த்திலிருந்து கிளம்பிய மலேசியா எயர்லைன்ஸ் 124 என்ற போயிங் 777 இல், 2001 இலேயே பழுதாகி ஒதுக்கப்பட்ட ஒரு முடுக்கமானி இருந்தது. இன்னொன்று பழுதானதும், மென்பொருள் அந்தப் பழையதை மறுபடி நம்பத் தொடங்கியது. பழுதுப் பட்டியலை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதுங்கள். தரையில் மனிதர் ஒருவர் பார்த்துத்தான் அழிக்க வேண்டும்.

இனி எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி. மூன்று கணினிகள், ஒரே நிரல், ஏறக்குறைய ஒரே உள்ளீடு. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூன்றும் வெவ்வேறு கட்டளை கொடுக்கின்றன. பழுது எதுவும் இல்லை. கட்டுப்பாட்டில் உள்ள தொகையிடும் பகுதி, உணரிகளுக்கு இடையிலான சிறு வேறுபாட்டை நொடிக்கு நொடி சேர்த்து மலையாக்கிவிடுகிறது. தீர்வு, வாக்கெடுப்பை முதலில் உணரி நிலையில் வைப்பது. மூன்று கணினிகளும் மூன்று உணரிகளையும் படித்து, அதே நடுப் பெறுமானத்தில் கணக்கிட வேண்டும். அதன் பின்னும் தொகையை ஒருவருக்கொருவர் அனுப்பிச் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். இந்த வரிசையை மாற்றி, வெளியீட்டில் மட்டும் வாக்கெடுத்தவர்கள் எல்லையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் எந்தப் பழுதையும் பிடிக்காத வாக்கெடுப்போடு வந்து நிற்பார்கள்.

5. மோட்டர் பக்கம்

மூன்று கணினிகள் கூடி முடிவெடுத்து, தகட்டைத் தள்ளும் ஒரே ஒரு சேர்வோ மோட்டரிடம் கொடுத்தால் எல்லாம் வீண். எலிவேட்டரை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனி சேர்வோ, தனி மின்சாரம் கொடுங்கள். ஒரே தகட்டில் இரண்டு சேர்வோக்களைப் பூட்டினால், சிறு அளவு வேறுபாட்டில் ஒன்றையொன்று தள்ளிச் சூடாகும். ஏ320 இன் எய்லரானில் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகட்டில்) அதைத் தள்ளும் செலுத்திகள் இரண்டு இருந்தாலும், ஒன்று தள்ளும்போது மற்றது அதிர்வைத் தணித்தபடி பின்தொடர மட்டுமே செய்யும்.

கட்டும் முன் ஒரு கணக்கு: ஒரு பாதி எல்லையில் இறுகிவிட்டால், மற்றப் பாதியால் அதை ஈடுசெய்து நேராகப் பறக்க முடியுமா? முடியாவிட்டால் வாலைப் பெரிதாக்குங்கள், அல்லது அசையும் எல்லையைச் சுருக்குங்கள்.

6. இறங்கும் படிக்கட்டு

எல்லாம் இருக்கும்போது முழுக் கட்டுப்பாடு. காற்றுவேகம் போனால் அதைச் சார்ந்த பாதுகாப்புகள் இல்லாத நடுநிலை. எல்லாம் போனால், கட்டுப்பாட்டுக் கோலை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு தகடு அசையும் நேரடி நிலை. மூன்று படிகள் போதும். ஏழு படிகள் வைத்த ஒரு குழு, தாங்கள் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தங்களுக்கே தெரியாமல் திண்டாடியது.

கீழே இறங்கும்போது தகடு குதிக்கக்கூடாது. புதிய நிலையின் முதல் கட்டளை, பழைய நிலையின் கடைசிக் கட்டளையோடு சமமாகத் தொடங்க வேண்டும். தானாக மேலே ஏறுவதையும் தடுத்துவிடுங்கள். உணரி வந்து வந்து போனால் கட்டுப்பாடும் மேலும் கீழும் தாவும், அது பழுதைவிடக் கெடுதல்.

என்ன போய்விட்டது என்று மனிதருக்கு ஒரே வரியில் சொல்லுங்கள். 2009 ஜூன் 1 இல் எயார் பிரான்ஸ் 447 இன் பிட்டோ குழாய்கள் பனிப்படிகங்களால் சிறிது நேரமே அடைபட்டன. தானியங்கி விலகியது, கட்டுப்பாடு கீழ்ப்படிக்கு இறங்கியது. விமானிகளால் நிலைமையைப் புரிந்துகொள்ள முடியவில்லை; 228 பேர் இறந்தனர். "வேகம் நம்பத்தகாதது, இழப்புவேகப் பாதுகாப்பு இல்லை" என்று முதலில் ஒளிர வேண்டும். இழப்புவேகம் என்பது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம். எந்தப் பலகையின் எந்தப் பிழைக்குறி என்பதெல்லாம் பதிவேட்டுக்கு.

7. ஒளிந்திருக்கும் பழுதைப் பறப்புக்கு முன் வெளியே இழுங்கள்

மாற்றுத் தடம் எப்போதோ பழுதாகி, யாருக்கும் தெரியாமல் இருந்தால் நீங்கள் ஒற்றைத் தடத்தில்தான் பறக்கிறீர்கள். மின்சாரம் கொடுத்ததும் ஒவ்வொரு தடமும் தனியாகத் தகட்டை அசைத்துக் காட்ட வேண்டும். கண்காணிப்பானுக்கு வேண்டுமென்றே பொய்யெண் கொடுத்து, அது கத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வாட்ச்டாக் என்பது, நிரல் குறித்த நேரத்துக்குள் தன்னைத் தொடாவிட்டால் கணினியை மறுதொடக்கும் கடிகாரம். அதை நேரத் துடிப்பின் குறுக்கீட்டுக்குள் (கடிகாரம் அழைக்கும்போதெல்லாம் தனியாக ஓடும் சிறு நிரலுக்குள்) வைத்து உயிரூட்டுவது புதியவர்களின் பழக்கம். முதன்மைச் சுழல் உறைந்தாலும் குறுக்கீடு ஓடிக்கொண்டே இருக்கும். வாட்ச்டாக் எல்லாம் நலம் என்று நினைத்திருக்கும். சுழலின் கடைசி வரியில், உணரி வாசிப்பும் கணக்கும் வெளியீடும் மூன்றும் நடந்தன என்று சரிபார்த்த பிறகே அதைத் தொடுங்கள்.

மூடி, ஒட்டுநாடா போன்றவற்றுக்குக் கண்ணில் படும் சிவப்புத் துணியைக் கட்டுங்கள். 1996 அக்டோபர் 2 இல் ஏரோபெரு 603 என்ற போயிங் 757, கழுவும்போது காற்றழுத்தத் துளைகளில் ஒட்டிய நாடா அகற்றப்படாமலே லீமாவிலிருந்து கிளம்பி, 70 பேரோடு கடலில் விழுந்தது. எங்கள் பிட்டோ மூடிகளில் கோயில் கொடி அளவுக்குத் துணி தொங்குகிறது. குளவிச் சம்பவத்துக்குப் பிறகு யாரும் அதைக் கேலி செய்வதில்லை.

8. பழுதைத் திணியுங்கள்

இந்த வரிசையில் போங்கள்: வயரைக் கழற்றுதல், எண் ஒரே இடத்தில் உறைதல், துள்ளும் பொய்யெண், மெதுவான விலகல், உண்மைபோலத் தோன்றும் பொய், கடைசியாக இரண்டு பழுதுகள் ஒன்றாக. எளியது முதலில் வர வேண்டும். வயர் கழன்றதையே பிடிக்காத அமைப்பில் மெதுவான விலகலைச் சோதித்து வரும் முடிவுகள் குழப்பத்தையே தரும். மெதுவான விலகலில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். நாங்கள் மணிக்கு 1 பாகை வீதம் ஜைரோவை நகர்த்தியபோது, முதல் மூன்று முறையும் எங்கள் நிரல் நல்ல உணரியைத்தான் வெளியேற்றியது.

நிரல் எழுதியவர் பழுதைத் தேர்ந்தெடுக்கக்கூடாது. தன் நிரல் எதைத் தாங்கும் என்று அவருடைய கைக்குத் தெரியும். கை அங்கேயே போகும். எங்கள் பட்டறையில் அந்த வேலை ஒரு மாணவனின் பதின்மூன்று வயதுத் தங்கைக்கு. அவளுக்கு நிரல் தெரியாது. எந்த வயரை எப்போது இழுப்பாள் என்று எவருக்கும் தெரியாது. ஒருமுறை வயரை விட்டுவிட்டு மேசையையே உதைத்தாள். தளர்ந்திருந்த ஓர் இணைப்பி அப்போதுதான் வெளிப்பட்டது.

கொப்பியில் மூன்று நெடுங்கட்டங்கள் வரையுங்கள்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், என்ன நடந்தது, எத்தனை மில்லி வினாடியில். வயரைத் தொடும் முன் முதல் கட்டம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது காலியாக இருக்கும்போது நடத்திய சோதனையை, எவ்வளவு நன்றாக முடிந்திருந்தாலும், நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. வயரை மறுபடி பூட்டிவிட்டு முதலிலிருந்து செய்கிறோம்.